மருத்துவத்தின் ஐந்தாங் கூறு

தோற்றுவாய்

மருத்துவம் என்பது மருத்துவர் ஒருவரால் மட்டும் நிகழ்வதன்று. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து மருந்தை ஊட்டிப் பேணுபவன் ஆகிய நான்கும் கூடியவிடத்தேதான் மருத்துவம் நிறைவுறும் என்பது, திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதியிற் காட்டிய முடிபு. எங்கள் ஆசிரியர் அக்குறளை வகுப்பில் விளக்கிய நாளில், தேர்வுக்கு வேண்டிய குறிப்பு ஒன்றென்று மட்டுமே கருதி யான் எழுதிக்கொண்டேன். சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் எங்கள் ஆச்சியின் படுக்கையருகே இருந்தபோதுதான் அதன் பொருள் உள்ளத்திற் பதிந்தது. அந்நான்கோடு ஐந்தாவதாக ஒன்று இக்காலத்திற் புகுந்திருக்கின்றது என்பதும் அன்றே புலனாயிற்று. அவ்வைந்தாவது கூறு, நோயாளரைப் பற்றிய பதிவேடு.

நிகழ்ந்ததைக் கூறுகின்றேன். ஆச்சிக்கு அகவை எழுபத்தெட்டு. காலில் தைத்த முள் புரையோடிக் காய்ச்சலும் கண்டமையால், அண்மை நகரத்து மருத்துவமனை ஒன்றிற் சேர்த்திருந்தோம். பல்லாண்டுகட்கு முன் பெனிசிலின் ஊசி போட்டபோது உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, அரிதின் உயிர் பிழைத்தவர் அவர். இரண்டாண்டுகட்கு முன் இதே மருத்துவமனைக்கு வேறொரு நோய்க்காகச் சென்றபோது இச்செய்தியை அவரே கூறினார். மருத்துவரும் கணினியிற் பதிந்துகொண்டார். ஆயினும் இம்முறை இரவுப் பணியிலிருந்த இளமருத்துவர் எழுதியது பெனிசிலின் இனத்து மருந்தே. ஊசியோடு வந்த செவிலியை நோக்கி ஆச்சி, “அம்மா, இது பெனிசிலின் வகையா? எனக்கு அது ஆகாது” என்றார். அவ்வளவோடு அமையாது, தலையணையருகில் இருந்த வேதப்புத்தகத்தைத் திறந்து, அதன் முதற் பக்கத்தில் ஒட்டியிருந்த துண்டுத்தாளையும் காட்டினார். ‘பெனிசிலின் ஆகாது’ என்று தம் கையாலேயே அவர் எழுதிவைத்த தாள் அது. செவிலி ஊசியை நிறுத்தினார். மருத்துவர் விரைந்து வந்து கணினியிற் தேடினார். செய்தி இருந்தது. பழைய குறிப்பொன்றின் நான்காம் பக்கத்தில், நீண்ட பத்தியொன்றின் இடையே இருந்தது. மருந்து எழுதும் திரையில் மட்டும் இல்லை.

அம்மருத்துவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. இரவெல்லாம் கண்விழித்து ஒரு வார்டு முழுவதையும் பார்ப்பவர், ஒவ்வொருவருடைய பழங்குறிப்பையும் நான்கு பக்கம் புரட்டிப் பார்த்தல் இயலுவதொன்றன்று. அங்ஙனமாயின் குறை யாருடையது? ஏட்டில் இருக்கும் செய்தி, வேண்டிய நேரத்தில், வேண்டியவர் கண்ணிற் படாதவாறு அவ்வேட்டினை அமைத்த அமைப்பினுடையது என்பதே யான் கண்ட விடை. அவ்வமைப்பு எவ்வாறு திருந்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். மின்னணு மருத்துவப் பதிவேட்டினைச் சுருக்கம் நோக்கி இனி ‘மின்னேடு’ என்றே வழங்குவாம்.

ஏடு வளர்ந்த வரலாறு

நோயாளரைப் பற்றிய ஏடுகள் தொடக்கத்தில் மருத்துவரின் தனியுடைமையாகவே இருந்தன. பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், 1863-ஆம் ஆண்டில் வெளிவந்த மருத்துவமனைகளைப் பற்றிய தம் நூற்பதிப்பில், ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்க முறையில் மருத்துவமனைக் குறிப்புகள் கிடைப்பது அரிதாக இருத்தலை எடுத்துக்காட்டி வருந்தினார். அமெரிக்க நாட்டில் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ மருத்துவமனையில், மருத்துவர் ஒவ்வொருவரும் தத்தமக்கெனப் பேரேடு வைத்திருந்தனர். ஒரே நோயாளியைப் பற்றிய செய்தி பல பேரேடுகளிற் சிதறிக் கிடந்தது. ஹென்றி பிளம்மர் என்னும் மருத்துவர் 1907-ஆம் ஆண்டில் அம்முறையை மாற்றினார். ஒரு நோயாளிக்கு ஓர் எண். ஓர் எண்ணுக்கு ஓர் உறை. எந்த மருத்துவர் கண்டாலும் குறிப்பு அவ்வுறைக்குட் சேர்தல் வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. ஏடு மருத்துவரை விட்டு நோயாளியைச் சேர்ந்தது.

அடுத்த திருத்தம் 1968-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. லாரென்ஸ் வீட் என்னும் அமெரிக்க மருத்துவர், ஏட்டினுள் இருக்கும் செய்திகளின் ஒழுங்கைப் பற்றிச் சிந்தித்தார். இரத்தச் சோதனை ஒருபுறம், செவிலியின் குறிப்பு ஒருபுறம் எனச் செய்தி வந்த வழிப்படி அடுக்குவதை விடுத்து, நோயாளிக்குள்ள இடர்ப்பாடுகளை முதலில் எண்ணிட்டு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் குறிப்பெழுதல் வேண்டும் என்றார். நோயாளி கூறுவது யாது, மருத்துவர் காண்பது யாது, அவற்றால் அவர் துணிவது யாது, இனிச் செய்யப்போவது யாது என்னும் நான்கு வினாக்களுக்கு நிரலே விடையெழுதும் முறை அவருடைய நெறியினின்றும் தோன்றியதே. மருத்துவ மாணவர் இன்றும் இம்முறையைப் பயில்கின்றனர்.

கணினி இத்துறையிற் புகுந்த தொடக்க முயற்சிகளுள் ஒன்று, இண்டியானாபொலிஸ் நகரத்து ரீகன்ஸ்ட்ரீப் நிலையத்தில் கிளெமென்ட் மெக்டொனால்டு என்பவர் 1972-ஆம் ஆண்டிற் தொடங்கியது. அவர் 1976-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இன்றும் படிக்கத்தக்கது. மருத்துவர் கவனிக்கவேண்டிய நிகழ்ச்சிகளைக் கணினி நினைவூட்டியபோது அவற்றுள் 51 விழுக்காட்டில் அவர்கள் உரியதைச் செய்தனர். நினைவூட்டாதபோது 22 விழுக்காட்டிலேயே செய்தனர். அவர்கள் அறியாமையாற் பிழைத்தவரல்லர். மனித மனத்தின் இயற்கை வரம்பினாற் பிழைத்தனர் என்பது மெக்டொனால்டு கண்ட முடிபு.

மின்னேட்டின் மற்றொரு நன்மையை 2005-ஆம் ஆண்டுக் கத்ரீனாப் புயல் மெய்ப்பித்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது காகித ஏடுகள் பல அழிந்துபட்டன. முன்னாட் படைவீரர்க்கென அமைந்த மருத்துவமனையின் ஏடுகளோ மின்னேடுகளாயிருந்தமையால், வேற்றூர்களுக்குப் பெயர்ந்த படைவீரர்களின் மருந்துவிவரங்களை ஆங்காங்குள்ள மருத்துவர்கள் கண்டு மருத்துவம் தொடர முடிந்தது.

மின்னேட்டினை ஏற்கும் மருத்துவர்க்கும் மருத்துவமனைகட்கும் பொருளுதவி செய்யும் சட்டம் அமெரிக்க நாட்டில் 2009-ஆம் ஆண்டில் நிறைவேறியது. நம் நாட்டில் மின்னேட்டிற்குரிய நெறிமுறைகளை நடுவணரசின் நலத்துறை 2013-ஆம் ஆண்டில் வெளியிட்டு, 2016-ஆம் ஆண்டில் திருத்தியது. 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாளில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் தொடங்கப்பெற்று, ‘ஆபா’ எனப்படும் 14 இலக்க எண் வழங்கப்படுகின்றது. பிளம்மர் ஒரு மருத்துவமனைக்குள் செய்ததை ஒரு நாடு முழுவதற்கும் செய்யும் முயற்சி இஃது எனலாம். எனினும், ஏடு பரவிய விரைவில் அதன் அமைப்பு செம்மையுற்றதா என்பது ஆராயத்தக்கது.

முப்பத்தெட்டரை மாத்திரை

2013-ஆம் ஆண்டிற் சான்பிரான்சிஸ்கோ நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நிகழ்ந்ததொன்று இவ்வாராய்ச்சிக்குத் தக்க சான்றாகும். அப்பல்கலைக்கழகத்து மருத்துவர் ராபர்ட் வாக்டர், தம் நிறுவனத்தின் பிழையை மறையாது, 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டிஜிட்டல் டாக்டர்’ என்னும் நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் சோதனையொன்றுக்காகச் சேர்ந்திருந்தான். நோய்க்கிருமி அணுகாமைப் பொருட்டு அவன் வேளைக்கு ஒன்றாக உண்டு வந்த மாத்திரையை மருத்துவமனையிலும் கொடுத்தல் வேண்டும். அவன் எடை 38.6 கிலோகிராம். எடைக்கேற்பக் கணக்கிட்டால் வரும் அளவு 193 மில்லிகிராம். மாத்திரையில் உள்ளதோ 160 மில்லிகிராம். ஆகவே 160 எனத் திருத்தித் தருமாறு மருந்தாளுநர் மருத்துவரைக் கேட்டார். மருத்துவர் அவ்வாறே ‘160’ என்று கணினியில் இட்டார். ஆனால் அக்கட்டத்தின் அளவை மில்லிகிராமாக இல்லை. ‘ஒரு கிலோகிராம் எடைக்கு இத்தனை மில்லிகிராம்’ என்றிருந்தது. கணினி 160-ஐ 38.6-ஆற் பெருக்கி, முப்பத்தெட்டரை மாத்திரை கொடுக்க எனக் கட்டளை வகுத்தது.

கணினி மருத்துவரை எச்சரிக்கத்தான் செய்தது. நாள்தோறும் பயனற்ற எச்சரிக்கைகள் பலவற்றைக் கண்டு பழகிய அவர் அதனையும் கடந்து சென்றார். மருந்தாளுநரும் அங்ஙனமே கடந்தார். மருந்தறையில் இருந்த பொறி, கட்டளைப்படியே மாத்திரைகளைப் பொதிந்து அனுப்பியது. செவிலிக்கு ஐயம் எழுந்தது. ஆயினும் பொதியின் கோட்டுக்குறியைக் கருவியாற் படித்தபோது, கட்டளைக்கும் பொதிக்கும் வேறுபாடில்லை என்று கணினி உறுதி கூறிற்று. சிறுவன் மாத்திரைகள் அனைத்தையும் விழுங்கினான். சில மணிநேரம் கழித்து வலிப்புக் கண்டு மூச்சும் தடைப்பட்டது. மருத்துவர்கள் முயன்று அவன் உயிரைக் காத்தனர்.

இந்நிகழ்ச்சியில் மருத்துவர், மருந்தாளுநர், செவிலி ஆகிய யாரும் கடமையில் அசட்டையானவரல்லர். தாளும் பேனாவுமாயிருந்தால் ‘முப்பத்தெட்டரை மாத்திரை’ என்று ஒருவர் எழுதியும் இரார். ஒருவர் எடுத்து எண்ணியும் இரார். எண்ணும்போதே கை நின்றிருக்கும்.

பிழை யாண்டுளது?

எனின், கணினியே தீதென்று கொள்ளலாமோ எனின், அற்றன்று. இதனைத் தெளிவிக்க இரண்டு ஆராய்ச்சிகளை ஒப்பிடுவாம். பிட்ஸ்பர்க் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் கணினிவழி மருந்துக்கட்டளை முறை புகுத்தப்பெற்ற பின்னர், வேற்றிடத்தினின்றும் அங்குக் கொண்டுவரப்பெற்ற குழந்தைகளின் இறப்பு 2.80 விழுக்காட்டினின்றும் 6.57 விழுக்காடாக உயர்ந்தது என 2005-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. மறு ஆண்டே, சியாட்டில் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையார், அதே மென்பொருளைத் தாம் புகுத்தியபோது இறப்பு உயரவில்லை என்று எழுதினர்.

மென்பொருள் ஒன்றாயிருக்கவும் விளைவு வேறுபட்டது ஏன்? பிட்ஸ்பர்க்கில், குழந்தை வந்து சேர்ந்து பெயர் பதிந்த பின்னரே கட்டளை இட முடிந்தது. முன்னரோ, குழந்தை வழியில் வரும்போதே மருந்து ஆயத்தமாகும். அவசர நோய்களுக்கு வேண்டிய கட்டளைகளை முன்னரே தொகுத்து வையாமையால், ஒவ்வொன்றையும் தனித்தனியே இடவேண்டியதாயிற்று. படுக்கையருகே இருக்கவேண்டிய கைகள் கணினியருகே நின்றன. சியாட்டிலில் அத்தொகுப்புகளை முன்னரே ஆயத்தம் செய்திருந்தனர். இவ்விரண்டு ஆராய்ச்சிகளால் எல்லாம் துணியப்பட்டன என்று கூறுவதற்கில்லை. ஆயினும் கருவி ஒன்றேயாயினும் அமைக்கும் முறையால் நன்மையும் தீமையும் வேறுபடும் என்பதனை அவை நன்கு காட்டுகின்றன.

இனி, உயிருக்கு இறுதி பயவாவிடினும் நாள்தோறும் நேரும் இழப்பு ஒன்றுண்டு. அஃது மருத்துவரின் பார்வை. 2012-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்து இதழில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வரைந்த படம் வெளிவந்தது. தான் மருத்துவரிடம் சென்றதை அவள் வரைந்திருந்தாள். சிறுமி மேசைமேல் அமர்ந்திருக்கின்றாள். தாயும் உடன்பிறந்தாரும் அருகில் உளர். மருத்துவரோ அவர்களுக்கு முதுகு காட்டிக் கணினியில் எழுதிக்கொண்டிருக்கின்றார். குழந்தை குறைகூற வரைந்த படம் அன்று அது, கண்டதை வரைந்தாள். 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று 57 மருத்துவர்களைக் கவனித்து, நோயாளரோடு அவர்கள் செலவிடும் ஒவ்வொரு மணிநேரத்திற்கும் ஏறத்தாழ இரண்டு மணிநேரம் ஏட்டிலும் மேசைப் பணியிலும் கழிகின்றது என்று கண்டது. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியரான ஆபிரகாம் வர்கீஸ், படுக்கையிற் கிடக்கும் நோயாளியினும் திரையில் தோன்றும் நோயாளியே மருத்துவரின் கருத்தை மிகுதியும் கவர்வதனை 2008-ஆம் ஆண்டிலேயே எடுத்தெழுதினார்.

ஓலையும் ஒளித்திரையும்

தமிழ் மாணவன் மருத்துவ ஏட்டினைப் பற்றி எழுதப் புகுதல் தகுமோ என்று நண்பர் சிலர் வினவினர். எழுத்தின் வடிவம் படிப்போனை எவ்வாறு மயக்கும் என்பதனை நம்மினும் அறிந்தவர் யாவர்?

நம் முன்னோர் ஓலையில் எழுத்தாணியால் எழுதியபோது, ஓலை கிழியும் என்றஞ்சிப் பெரும்பாலும் புள்ளியிடாது விட்டனர். எகரத்திற்கும் ஏகாரத்திற்கும், ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் வேறுபாடு தோன்றவில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே நின்றன. எழுதுவோர்க்கு அஃது எளிதாயிற்று. படிப்போர்க்கோ, சொல்லை முன்னரே அறிந்திருந்தாலன்றி எழுத்தை அறிய இயலாதாயிற்று. அக்காலத்து ஆசிரியர், மாணவர் கூர்ந்து படிக்கவில்லை என்று கடிந்தும் இருப்பர். 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் வேறுவகையாக நினைந்தார். படிப்போரைக் கடிவதை விடுத்து எழுத்தைத் திருத்தினார். குறிலுக்கும் நெடிலுக்கும் கொம்பின் வடிவை வேறுபடுத்தினார். அன்று தொட்டு அம்மயக்கம் நீங்கிற்று. இன்று எழுத்தறிந்த சிறுவனும் ‘எரி’ என்பதனையும் ‘ஏரி’ என்பதனையும் மயங்கான்.

மின்னேட்டில் நிகழும் பிழைகளுக்கும் இதுவே மருந்து. ‘மில்லிகிராம்’ என்பதும் ‘கிலோகிராமுக்கு மில்லிகிராம்’ என்பதும் ஒரே கட்டத்தில் ஒரே வடிவில் நிற்குமாயின், அஃது எகரமும் ஏகாரமும் ஒன்றாய் நின்ற ஓலையே. மருத்துவரை விழிப்பாயிருக்கச் சொல்லுதல் ஓரளவே பயன்படும். எழுத்தைத் திருத்துதல் எந்நாளும் பயன்படும்.

செய்யத்தக்கன

இந்நோக்கோடு, யான் படித்தவற்றாலும், செவிலிப் பணியில் உள்ள என் தமக்கையாரிடம் கேட்டவற்றாலும் அறிந்த நெறிகள் சிலவற்றைத் தொகுத்துக் கூறுவேன்.

முதலாவது, உயிர்க்கு இறுதி தரத்தக்க செய்தி முதற்றிரையில் இருத்தல் வேண்டும். ஆகாத மருந்து, இப்போது உண்ணும் மருந்து, உள்ள நோய்கள் ஆகிய மூன்றும் எப்பக்கம் புரட்டினும் கண்ணை விட்டு நீங்கலாகா. ஆகாத மருந்தின் பெயரைப் பத்திக்குள் எழுதாது அதற்கென அமைந்த கட்டத்தில் இடுதல் வேண்டும். அப்போதுதான் அவ்வின மருந்தை யாரேனும் எழுதும்போது கணினி அறிந்து தடுக்க இயலும். ஆச்சியின் ஏட்டில் இல்லாதிருந்தது இஃதொன்றே.

இரண்டாவது, எண்ணும் அளவையும் பிரியாது நிற்றல் வேண்டும். இட்ட அளவு எத்தனை மாத்திரை ஆகும் என்பதனை, மருத்துவர் ஒப்புமுன் கணினி பெரிய எழுத்திற் காட்டுதல் வேண்டும். மருத்துவர் நன்கறிந்த வழக்கங்களையும் கணினி தானே கைக்கொள்ளுதல் வேண்டும். 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கியவிடத்து 10 எனப் படிக்க நேரும்; .5 என்று எழுதினால் 5 எனப் படிக்க நேரும். ஆகவே முன்னதை 1 என்றும் பின்னதை 0.5 என்றும் எழுதுதலே நெறி.

மூன்றாவது, எச்சரிக்கைகள் சிலவாதல் வேண்டும். 1976-இற் பயன்பட்ட நினைவூட்டல், 2013-இற் பயன்படாமற் போனது ஏன்? ஓயாது குரைக்கும் நாயின் குரலுக்கு வீட்டார் எழுந்திரார். கொல்லத்தக்க அளவாயின் கணினி மேற்செல்லவிடாது தடுத்தல் வேண்டும். சிறு ஐயமாயின் ஓரத்தில் அமைதியாகக் குறித்தல் போதும். எந்த எச்சரிக்கையை எல்லாரும் எப்போதும் புறக்கணிக்கின்றனர் என்பதனைத் திங்கள்தோறும் கணக்கிட்டு, பயனில்லாதவற்றை நீக்குதலும் இன்றியமையாதது.

நான்காவது, ஒரு செய்தியை ஒருமுறையே எழுதுதல் வேண்டும். என் தமக்கையார் இரவுப் பணி முடிந்து வந்து சோர்ந்திருந்த ஒரு காலையில், “என்ன வேலை அக்கா, இவ்வளவு சோர்வு?” என்றேன். “ஒருவர் பிரஷரை முதலில் கையில் குறிக்கிறேன் தம்பி, பிறகு கேஸ் ஷீட்டில், பிறகு ரெஜிஸ்டரில், பிறகு கம்ப்யூட்டரில். நான்கும் ஒன்றாயிருக்கின்றனவா என்று பார்ப்பது ஐந்தாவது வேலை” என்றார். அளக்கும் கருவியினின்றே அளவு ஏட்டிற் சேருமாயின், அவ்வைந்து பணியும் ஒன்றாகும். மிஞ்சும் நேரம் நோயாளர்க்கு உரியதாகும். முந்தைய நாட்குறிப்பை அப்படியே படியெடுத்து ஒட்டும் வழக்கமும் இவ்வேலைப்பளுவிற் பிறந்ததே. ஒட்டிய குறிப்பால் ஏடு பருக்கின்றது; புதியது பழையதனுள் மறைகின்றது.

ஐந்தாவது, திரை இருக்கும் இடம். மருத்துவரும் நோயாளரும் ஒருங்கே காணுமாறு திரை பக்கவாட்டில் அமையுமாயின், மருத்துவர் எழுதும்போதே “இப்படி எழுதுகிறேன், சரிதானே?” என்று கேட்கலாம். செலவில்லாத திருத்தம் இது.

ஆறாவது, நோயாளரும் தம் ஏட்டினைப் படித்தல் வேண்டும். பாஸ்டனிலும், பென்சில்வேனியாவிலும், சியாட்டிலிலும் 2010-ஆம் ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட மருத்துவர்கள் தாம் எழுதிய குறிப்புகளை நோயாளர்க்குத் திறந்துவைத்தனர். ஓராண்டு கழித்துக் கேட்டபோது, நோயாளருள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதின்மர் இது தொடர்தல் வேண்டும் என்றனர்; மருத்துவருள் ஒருவரும் நிறுத்த விரும்பவில்லை. நம் நாட்டில் இதற்கு மற்றொன்றும் வேண்டும். நோயாளர் கையிற் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரி அவர் படிக்கும் மொழியில் இருத்தல் வேண்டும். ‘உணவுக்கு முன்’ என்பதனை ஆங்கிலச் சுருக்கெழுத்தில் எழுதிக் கொடுத்தால் உண்பவர் எவ்வாறு அறிவார்?

ஏழாவது, இவை யாவற்றையும் சோதித்தறியும் முறை. மென்பொருள் செய்வோர் வார்டுக்கு வந்து ஓர் ஓரத்தில் அமர்தல் வேண்டும். அவ்வேட்டினை முன் கண்டறியாத செவிலி ஒருவரிடம், “இந்நோயாளிக்கு ஆகாத மருந்து யாது?” என்று வினவி, அவர் எத்தனை நொடியில், எத்தனை முறை தட்டிக் கண்டறிகின்றார் என்று எண்ணுதல் வேண்டும். இடையில் வாய் திறந்து வழிகாட்டலாகாது. அவர் தடுமாறும் இடமே திருத்தவேண்டிய இடம். திருத்திய பின் வேறொருவரைக் கொண்டு மீண்டும் காணல் வேண்டும். பகலில் மட்டுமன்று, தொலைபேசி ஒலிக்க, உறவினர் அழைக்க, இரவு இரண்டு மணிக்கும் இச்சோதனை நிகழ்தல் வேண்டும். ஏடு பயன்படுவது அப்பொழுதன்றோ?

ஒரு தடையும் விடையும்

‘இத்துணை இடர்ப்பாடு உளதாயின், காகித ஏட்டிற்கே திரும்பலாகாதோ?’ என்பார் உளர். காகிதம் ஒரு காலத்தில் ஓரிடத்தில் மட்டுமே இருக்கும், தொலையும், நனையும், மருத்துவர் கையெழுத்தோ மருந்துக்கடைக்காரரும் ஊகித்தறிவதாயிருக்கும். அமெரிக்க மருத்துவ நிறுவனம் 1999-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, தவிர்க்கத்தக்க மருத்துவப் பிழைகளால் அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மதிப்பிட்டது. அது காகித ஏடே பெரிதும் வழங்கிய காலம். ஆகவே பின்னோக்கிச் செல்லுதல் தீர்வாகாது.

‘பயிற்சி மிகுதியாகக் கொடுத்தாற் போதுமே’ என்பார் வேறு சிலர். பயிற்சி வேண்டுவதே. ஆனால் ஆண்டுதோறும் புதிய மருத்துவரும் புதிய செவிலியரும் வருகின்றனர், பழையவரும் களைப்புறுகின்றனர். களைப்புற்றவரும் பிழையாது செய்யத்தக்க அமைப்பே நல்லமைப்பு.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், மின்னேடு மருத்துவத்தின் ஐந்தாங் கூறாகிவிட்டது என்பதும், ஏனை நான்கிற்கும் அது துணையாய் அமைதல் வேண்டும் என்பதும் விளங்கும். நோயாளர்க்குப் படிக்கத்தக்கதாய், மருத்துவர் பார்வையைத் திருடாததாய், மருந்தின் அளவை மயக்காததாய், செவிலியின் கையை வீணே பிணிக்காததாய் அது திருந்துதல் வேண்டும். அத்திருத்தத்திற் கணினி வல்லார்க்குப் பங்குண்டு. மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் பங்குண்டு. எளிய தமிழில், ஐயத்திற்கு இடமின்றி, ஒரு வரியில் ஒரு செய்தியைக் கூறும் கலையில் நமக்கும் பங்குண்டு என்பதனைத் தமிழ் பயிலும் நண்பர்கள் உள்ளத்திற் கொள்வார்களாக.

ஆச்சி நலமுற்று வீடு திரும்பிய நாளில், அவ்விளமருத்துவர் தாமே வந்து, ஆகாத மருந்தின் பெயரை உரிய கட்டத்தில் இட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். சிவந்த எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. ஆச்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் நோக்கி, “தமிழில் வராதா ஐயா?” என்றார். “இன்னும் வரவில்லை, பாட்டி” என்றார் மருத்துவர்.

ஆகவே, முதற் பக்கத்தில், தெரிந்த மொழியில், ஒரே வரியில், எங்குச் சென்றாலும் உடன்செல்லும் அந்தத் துண்டுத்தாள் இன்றும் ஆச்சியின் வேதப்புத்தகத்திலேயே இருக்கின்றது.